மூன்றாவது பெட்ரோல் பம்ப் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கோலா கெத்தில், பாலிங், பாடாங் செராய் வட்டாரத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் பழைய பெட்ரோல் பிக்அப்களும் சிறு லோரிகளும் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. செம்பனைக் குலை ஏற்றுவது, ஒட்டுப்பால் கொண்டு போவது, மாட்டுக்குப் புல் அறுத்து வருவது, திருமண வீட்டில் நாற்காலி இறக்குவது என்று எல்லாவற்றுக்கும் அவைதாம். மாதத் தவணை இல்லாத வண்டி என்பதால் நம்மவர் பலர் அதை விட மனமில்லாமல் வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டிகளில் திரும்பத் திரும்ப வரும் தொல்லை ஒன்று உண்டு. புது மின்சார பெட்ரோல் பம்ப் மாட்டிய சில வாரங்களில் வண்டி நடுவழியில் நின்றுவிடும். இன்னொன்று வாங்கி மாட்டினால் அதுவும் போய்விடும். "மலிவு சாமான், அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மூன்றாவதை வாங்கப் போகிறோம். போலிச் சாமான் சந்தையில் இருப்பது உண்மைதான். ஆனால் ஒரே வண்டியில் அடுத்தடுத்து இரண்டு பம்ப் செத்தால், காரணம் பெரும்பாலும் பம்புக்கு வெளியேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவதை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

இங்கே சொல்வது கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் வண்டிக்கு மட்டும். டீசல் லோரிக்குக் கார்புரேட்டர் கிடையாது. அதன் முறை வேறு.

மின்சார பம்ப் எப்படி வந்தது?

பழைய டட்சுன், டொயோட்டா பெட்ரோல் பிக்அப்கள் பலவற்றில் பம்ப் இஞ்சினிலேயே இருந்தது. இஞ்சின் சுற்றும்போது ஒரு நெம்புகோல் ஆடி, உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வை இழுத்துத் தள்ளும். அதற்கு வயர் தேவையில்லை. சவ்வு கிழிந்து, சரியான உதிரிபாகம் கிடைக்காதபோதுதான் பட்டறைகளில் மின்சார பம்ப் மாட்டித் தருகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த வண்டி மின்சார பம்புக்காகச் செய்யப்பட்டதல்ல. வயர், குழாய், பில்டர், மாட்டும் இடம் எல்லாம் புதிதாக அமைக்க வேண்டும். அவசரத்தில் விடுபடுவது அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய சவ்வு பம்பை இஞ்சினிலேயே விட்டுவிட்டு, பெட்ரோலை அதன் வழியாகவே அனுப்பக் கூடாது. கிழிந்த சவ்வு வழியாகப் பெட்ரோல் இஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். அதைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து கேஸ்கெட்டோடு மூட வேண்டும்.

சத்தத்தைக் கேளுங்கள்

ஒரு காலத்தில் மலாயாச் சாலைகளில் அதிகம் ஓடிய மோரிஸ் மைனர் காரில் எஸ்.யூ. என்ற மின்சார பம்ப் இருந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று அடிக்கும். உள்ளே இருக்கும் மின்தொடர்பு முனைகள் கருகிவிட்டால் நின்றுவிடும். ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். தட்டி ஓட்டும் பழக்கம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் தட்டினால் ஓடுகிறது என்பது பம்பின் உள்பாகம் தேய்ந்துவிட்டது அல்லது வயர் இணைப்பு தளர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். அது வைத்தியம் ஆகாது.

இன்றைய சிறு பெட்டி வடிவப் பம்புகளும் இப்படித்தான் அடிக்கும். சாவியைத் திருப்பியதும் வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் மெதுவானால் நலம். வேகம் குறையாமல் அடித்துக்கொண்டே இருந்தால் காற்றை இழுக்கிறது, அல்லது தொட்டியிலிருந்து பெட்ரோல் வரவில்லை. சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்ப் போய்விட்டது. உருண்டை வடிவ மோட்டார் பம்ப் 'ம்ம்ம்' என்று முனகும். அது கிறீச்சென்று கத்தினால் பெட்ரோல் கிடைக்காமல் தவிக்கிறது என்று பொருள்.

முதல் எதிரி: தொட்டிப் பக்கம்

மின்சார பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், இழுப்பதில் சோம்பேறி. அதனால் அதைப் பின்பக்கம், தொட்டிக்கு அருகில், முடிந்தவரை தொட்டியின் அடிமட்டத்துக்குத் தாழ்வாக மாட்ட வேண்டும். முன்னால் இஞ்சின் அருகே மாட்டினால் அது நீண்ட தூரம் இழுக்க வேண்டியிருக்கும், சூடும் சேர்ந்துகொள்ளும். உள்ளே ஓடும் பெட்ரோல்தான் பல பம்புகளைக் குளிர்வித்து, வழுவழுப்பும் தருகிறது. பெட்ரோல் வரத்து குறைந்தால் பம்ப் காய்ந்து கருகும்.

வரத்தைக் குறைப்பவை நான்கு.

ஒன்று, துரு. பழைய இரும்புத் தொட்டியில் அடியில் துருத்தூள் படிந்திருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இன்னும் மோசம். 2022 ஜூலை 4ஆம் தேதி பாலிங் குப்பாங் பகுதியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் தொட்டியில் சேறும் தண்ணீரும் புகுந்திருக்கலாம். தொட்டியைக் கழற்றிக் கழுவாமல் புது பம்ப் மாட்டுவது வீண்.

இரண்டு, பில்டர். பம்புக்கு முன்னால் கண்ணி பெரிதான வலை பில்டரும், பம்புக்குப் பின்னால் நுண்ணிய காகித பில்டரும் இருக்க வேண்டும். இதை மாற்றி மாட்டினால் காகித பில்டர் சீக்கிரம் அடைத்து, பம்பின் கழுத்தை நெரித்துவிடும்.

மூன்று, ரப்பர் குழாய். தொட்டிக்கும் பம்புக்கும் நடுவே உள்ள குழாயில் ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே இருக்கலாம். காற்று உள்ளே போகும். பார்வைக்கு ஒழுகவில்லை என்பதால் நல்ல குழாய் என்று சொல்ல முடியாது.

நான்கு, தொட்டி மூடி. பெட்ரோல் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். காற்றுத் துளை அடைத்திருந்தாலும், துளை இல்லாத வேறு மூடி போட்டிருந்தாலும், அரை மணி நேரம் ஓடியபின் வண்டி இருமி நின்றுவிடும். நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பின் வண்டி ஓடினால் குற்றவாளி அந்த மூடிதான். மூடிக்குப் பதில் துணி அடைப்பது தீர்வல்ல. தூசியும் மழைநீரும் இறங்கும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

தொட்டியிலோ மூடியிலோ உள்ள கோளாறை ஒரே சோதனையில் பிரித்துவிடலாம். பம்பின் இழுக்கும் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி, சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் விடுங்கள். பம்ப் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு தொட்டிப் பக்கம் இருக்கிறது.

இரண்டாம் எதிரி: வயர்

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரு முனைகளிலும் மீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். பிறகு பேட்டரியில் பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. பம்ப் ஓடாதபோது பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டி ஏமாற்றும்.

பழைய வண்டியில் அதிகம் கெடுவது 'எர்த்' இணைப்பு. துருவும் பெயிண்டும் உள்ள சட்டகத்தில் ஒரு திருகு போட்டுவிட்டால் போதாது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி இறுக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே தனி வயர் கொண்டு போனால் இன்னும் நல்லது. பாசிட்டிவ் வயரை ரேடியோவிலிருந்தோ சாவி சுவிட்சிலிருந்தோ ஒட்டுப் போட்டு எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து பியூஸ், அதன்பின் ரிலே, அதன்பின் பம்ப் என்று வர வேண்டும். சாவி அந்த ரிலேயை மட்டும் இயக்கினால் போதும்.

அதிக வோல்ட்டும் ஆகாது. இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கலாம். 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பம்போடு பல்புகளும் பேட்டரியும் சேர்ந்து போகும்.

மூன்றாம் எதிரி: பொருந்தாத பம்ப்

கார்புரேட்டருக்குத் தேவை மிகக் குறைந்த அழுத்தம், சுமார் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. இன்ஜெக்ஷன் கார்களின் பம்ப் 40 பி.எஸ்.ஐ. அளவுக்குத் தள்ளும். பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்தது என்று அதை மாட்டினால் கார்புரேட்டரின் ஊசி வால்வால் தடுத்து நிறுத்த முடியாது. பெட்ரோல் பொங்கி வழியும். இஞ்சினுக்குள் இறங்கி எண்ணெயையும் கெடுக்கும். எண்ணெய் அளவுக் கம்பியை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஓட்டாமல் எண்ணெயை மாற்றி, காரணத்தைத் தேடுங்கள்.

சூடும் ஒரு காரணம். புகைக்குழாய்க்கு அருகில் பம்போ குழாயோ போனால் பெட்ரோல் ஆவியாகி பம்ப் வெற்றாகச் சுற்றும். மத்தியானம் நின்றுவிட்டு, ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும் வண்டியில் இதை முதலில் சந்தேகியுங்கள்.

உயிரைக் காக்கும் சுவிட்ச்

பழைய சவ்வு பம்ப் இஞ்சின் நின்றதும் தானாக நின்றுவிடும். மின்சார பம்ப் அப்படியல்ல. வண்டி மோதிக் கவிழ்ந்து, குழாய் அறுந்தாலும், சாவி 'ஆன்' நிலையில் இருக்கும்வரை பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சூடான இஞ்சின்மேல் அது பட்டால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இஞ்சின் எண்ணெய் அழுத்தம் இறங்கியதும் பம்பை நிறுத்தும் சுவிட்ச், அல்லது மோதல் அதிர்ச்சியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். பிள்ளைகளையும் வேலையாட்களையும் ஏற்றிச் செல்லும் வண்டியில் இதை விட்டுவிடாதீர்கள்.

சோதனையின்போதும் கவனம் தேவை. இஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், சிகரெட், கைத்தொலைபேசி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, தீயணைப்பு உருளையைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். மின்வேலை பழக்கமில்லாதவர்கள் பட்டறையில் விடுவதே நல்லது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

புது பம்ப் மாட்டச் சொல்லும்போது போர்மேனிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். தொட்டியைத் திறந்து பார்த்தாயிற்றா? பம்ப் ஓடும்போது அதன் முனையில் எத்தனை வோல்ட்? இந்தப் பம்பின் அழுத்தம் எத்தனை பி.எஸ்.ஐ.? எந்த பில்டர் எந்தப் பக்கம்? இஞ்சின் நின்றால் பம்பும் நிற்குமா?

இந்த ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள். பழைய பம்பையும் கேட்டு வாங்கி, ஒரு வெள்ளைத் துணியின்மேல் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். சிவப்புத் தூள் விழுந்தால், அடுத்த செலவு பம்புக்கு அல்ல, தொட்டிக்கு.