சைக்கிளுக்குச் சாலையில் இடம் உண்டா?

வணிகர்களாகிய நமக்குச் சைக்கிள் புதிதல்ல. மொத்தக் கடையிலிருந்து சில்லறைக் கடைக்குச் சரக்கு வருவதும், கடையிலிருந்து வீடுகளுக்கு மளிகை போவதும், அதிகாலையில் பாலும் கீரையும் தெருவுக்கு வருவதும் இன்றும் பல ஊர்களில் சைக்கிளிலும் மீன்பாடி வண்டியிலும்தான். ஆனால் நகரத் திட்டம் வகுப்போர் இதைப் போக்குவரத்தாகக் கருதுகிறார்களா, போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கருதுகிறார்களா என்பது நம் கல்லாவைத் தொடும் கேள்வியாகும்.

காகிதத்தில் குறை சொல்வதற்கில்லை. சைக்கிள் பாதை எப்படி அமைய வேண்டும் என்ற வரையறையை இந்திய சாலைக் காங்கிரஸ் 1962ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது; 2015இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை என்பது வாகனங்களுக்காக அல்ல, மனிதர்களுக்காக என்று கூறி, பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் நடப்போருக்கும் முன்னுரிமை கேட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைகளுக்குச் செல்வோரில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிளில் சென்றவர்கள்.

பிறகு ஏன் நடைமுறை மாறவில்லை? அளவுகோல்தான் காரணம். பொறியாளர்கள் ஒரு சாலையின் கொள்ளளவை 'கார் அலகு' என்ற கணக்கில் அளக்கிறார்கள். ஒரு கார் ஓர் அலகு. சைக்கிள் ஏறத்தாழ அரை அலகு. வண்டியில் எத்தனை பேர் போகிறார்கள், எவ்வளவு சரக்கு போகிறது என்பது இந்தக் கணக்கில் வராது. வாகனங்கள் வேகமாகப் போவதே குறிக்கோள் என்றாகிவிட்டால், மெதுவாகப் போகும் மிதிவண்டி தானாகவே 'தடை' ஆகிவிடுகிறது.

இதன் விளைவைக் கொல்கத்தா வணிகர்கள் அனுபவித்தார்கள். அங்கே 2008இல் சில சாலைகளில் தொடங்கிய சைக்கிள் தடை, 2013இல் 174 சாலைகளுக்கு விரிந்தது. பால்காரர், பத்திரிகை போடுபவர், சிறு வியாபாரி ஆகியோர் அபராதம் கட்டினார்கள். இல்லையேல் சந்து பொந்துகளில் சுற்றிப் போனார்கள். பின்னர் சாலைகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. 2020இல் கொரோனா காலத்தில் தடை ஓரளவு தளர்ந்தது. எரிபொருள் செலவில்லாமல் சரக்கு எடுத்த வழியை ஓர் உத்தரவு அடைத்துவிட முடியும் என்பதே நமக்குரிய பாடம்.

சென்னையில் நிலைமை வேறு. மாநகராட்சி 2014இல், மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை அதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. நடைபாதைகள் பல அகலமாயின; 2019இல் பாண்டி பஜாரில் நடையாளர் வளாகம் திறக்கப்பட்டது. ஆனால் நகரெங்கும் தொடர்ச்சியான சைக்கிள் பாதை அமைந்துவிடவில்லை.

கடைமுன் கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. கனடாவின் டொரண்டோ நகரில் புளூர் தெரு வணிகர்களுக்கும் அதே அச்சம் இருந்தது. ஆனால் 2009இல் அங்கே விசாரித்தபோது, வாடிக்கையாளர்களில் காரில் வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்று தெரிந்தது. 2016இல் சைக்கிள் பாதை போட்ட பிறகு வருகையும் செலவும் கூடியதாக ஆய்வுகள் கண்டன. ஒரு கார் நிற்கும் இடத்தில் சுமார் பத்து சைக்கிள்கள் நிற்கும் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். டொரண்டோ வேறு, நம் கடைவீதி வேறுதான். ஆகவே நம் வாடிக்கையாளர்கள் எதில் வருகிறார்கள் என்று ஒரு வாரம் நாமே எண்ணிப் பார்ப்பது நல்லது.

மாநகராட்சியோ நகராட்சியோ கடைவீதியை மாற்றியமைக்க முற்படும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு:

1. கடைவீதியில் சைக்கிள் நிறுத்தத் தனி இடம்.
2. சரக்கு ஏற்றி இறக்க நேரமும் இடமும் ஒதுக்குதல்.
3. மீன்பாடி வண்டியும் செல்லும் அகலத்தில் பாதை.
4. எந்தத் தடையானாலும், வணிகர்களைக் கலந்து பேசிய பிறகே உத்தரவு.

கேட்கும் உரிமைக்கு ஈடாக ஒரு கடமையும் உண்டு. பாதை கிடைத்தபின் நம் மூட்டைகளும் பெயர்ப்பலகைகளும் அதில் ஏறி உட்காரக் கூடாது. வரைபடம் தயாரான பிறகு மனுக் கொடுப்பதைவிட, தயாராகும்போதே சங்கத்தின் மூலம் பேசுவதே பலன் தரும்.