‘ஆல் சீசன்’ டயர்... பெயரில் மட்டும்தான் எல்லா சீசனும்! - கனடா குளிரில் கார் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

“ஏம்ப்பா, அங்க குளிர் ஆரம்பிச்சுடுச்சா? ஸ்வெட்டர், குல்லா எல்லாம் எடுத்து வெச்சுட்டியா?”

அக்டோபர் பிறந்தால் போதும், கனடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த வீடியோ கால் விசாரிப்பு தொடங்கிவிடும். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “காருக்கு என்ன டயர் போட்டிருக்க?”

நம் ஊரில் டயர் மொட்டையானால் மாற்றுவோம், அவ்வளவுதான். டொரன்டோ குளிர்காலத்தில் அது போதாது. பகலில் 5 டிகிரி, மழை. இரவில் மைனஸ் 8 டிகிரி. பெய்த தண்ணீரே சாலையில் கண்ணாடிபோல உறைந்து கிடக்கும். இரண்டு நாள் கழித்துப் பனி கொட்டும், மறுபடி உருகும். புதிதாகக் குடியேறி முதல் கார் வாங்குபவர்கள், இந்தக் குளிருக்கான டயர் விஷயத்தில் ஏமாறுவது பெரும்பாலும் ஒரு பெயரால்தான்.

பெயரை நம்பாதீர்கள்

கனடாவில் பெரும்பாலான கார்கள் ‘ஆல் சீசன்’ டயருடன்தான் வருகின்றன. ‘எல்லா சீசனுக்கும்’ என்றுதானே அர்த்தம்? உண்மையில் இது வசந்தம், கோடை, இலையுதிர் காலம் என மூன்று பருவங்களுக்கான டயர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் இறுகுவதுபோல, வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் இதன் ரப்பர் இறுக ஆரம்பிக்கும். இறுகிய ரப்பர் சாலையைக் கவ்விப் பிடிக்காது. பிரேக் பிடித்தாலும் கார் வழுக்கிக்கொண்டே போகும்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்துகளைப் பார்த்தும் திருப்தி அடைய வேண்டாம். சேறு, பனி என்பதன் சுருக்கம் அது. டயர் பட்டன்களின் அமைப்பை வைத்துத் தரப்படும் அடையாளமே தவிர, பனியில் ஓட்டிச் சோதித்துத் தரப்படுவதல்ல.

மலைப் படம் இருக்கிறதா?

நீங்கள் தேட வேண்டியது ஒரு சின்னம்: மூன்று சிகரங்கள் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனித்துகள். இறுகிய பனியில் பிடிமானத்தைச் சோதித்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டும் டயருக்கே இந்தச் சின்னம் கிடைக்கும்.

வின்டர் டயர்களில் இது இருக்கும். வருடம் முழுக்க ஒரே டயர் போதும் என்பவர்களுக்காக வரும் ‘ஆல் வெதர்’ டயர்களிலும் இருக்கும். ‘ஆல் சீசன்’, ‘ஆல் வெதர்’ இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால், கனடா குளிரில் இரண்டும் வேறு வேறு. ஐரோப்பாவிலோ ‘ஆல் சீசன்’ என்று விற்கும் டயர்களிலேயே பெரும்பாலும் இந்தச் சின்னம் இருக்கும். அதனால் எந்த நாட்டில் இருந்தாலும், பெயரைப் பார்க்காமல் சின்னத்தைப் பாருங்கள்.

யாருக்கு எது?

பனியை உடனுக்குடன் அகற்றும் நகரச் சாலைகளிலேயே ஓட்டுகிறீர்கள், அப்பார்ட்மென்ட்டில் இன்னொரு செட் டயர் வைக்க இடமில்லை என்றால், ‘ஆல் வெதர்’ நல்ல தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை டயர் மாற்றும் அலைச்சலும் செலவும் மிச்சம்.

பனி அள்ளும் வண்டி வருவதற்கு முன்பே அதிகாலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்புபவர்கள், பேரி போன்ற பனி அதிகம் கொட்டும் ஊர்களுக்கு அடிக்கடி போகிறவர்கள் தனி வின்டர் டயர் போடுவதே பாதுகாப்பு. மலைச் சின்னத்துக்கான சோதனை பனியில் நடப்பது. வழுக்கும் ஐஸில் அல்ல. ஐஸிலும் கடுங்குளிரிலும் வின்டர் டயருக்குத்தான் பிடிமானம் அதிகம்.

“என் கார் ஆல் வீல் டிரைவ்” என்று அலட்சியமாக இருக்காதீர்கள். நான்கு சக்கரங்களுக்கும் போகும் இன்ஜின் சக்தி, காரைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு டயரின் பிடிமானம்தான் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கியூபெக் மாகாணத்தில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் உள்ள டயர் கட்டாயம். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் அங்கே வின்டர் டயர் போட்டால், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பிரீமியத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது 2016 முதல் விதி. ‘ஆல் வெதர்’ டயருக்கும் அது உண்டா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது மறக்காதீர்கள்

* நான்கு டயர்களையும் ஒரே வகையாகப் போடுங்கள். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால், வளைவில் காரின் பின்பக்கம் சுழன்றுவிடும்.
* டயரில் ‘டிஓடி’ வரிசையின் கடைசி 4 எண்களைப் பாருங்கள். 3524 என்றால், 2024-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் தயாரானது.
* பட்டன் ஆழம் 4 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால், அந்த டயர் பனிக்கு உதவாது.
* வெப்பநிலை 5, 6 டிகிரி குறையும்போதெல்லாம் டயரில் காற்று சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும். மாதம் ஒருமுறையாவது, வண்டியை எடுப்பதற்கு முன் சரிபாருங்கள்.

முதல் பனி விழுந்த அன்று டயர் கடைகளில் கூட்டம் அலைமோதும். அதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள். அடுத்த வீடியோ காலில் அம்மா கேட்டால், “மலைப் படம் போட்ட டயர்தான்மா” என்று தைரியமாகச் சொல்லலாம்.