கடல் நீரில் வளரும் காட்டு நெல்: குரோமோசோம் இரட்டிப்பு சொல்லும் பாடம்

புதுச்சேரி நகரின் தென்பகுதியில் கடலோரமாக அமைந்துள்ள உப்பளத்தின் பெயரைக் கேட்டதுமே உப்புப் பாத்திதான் நினைவுக்கு வரும். உப்பு ஏறிய மண்ணில் நெல் தேறாது என்பது விவசாயிகள் அனைவரும் அறிந்ததே. கடலோரக் கிராமங்களில் ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து அளவுக்கு மீறி நீர் இறைப்பதால் கடல் நீர் நிலத்தடியில் உட்புகுந்து, நல்ல தண்ணீர்க் கிணறுகளும் உவர்ப்பாக மாறி வருகின்றன. மண்ணின் மின் கடத்தும் திறன் 3 டெசி சைமனுக்கு மேல் போனாலே நெல்லின் மகசூல் குறையத் தொடங்கிவிடும்.

இந்நிலையில், கடல் நீர் ஏறி இறங்கும் சேற்றில் நின்றபடியே வளரும் நெல் இனம் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

சுந்தரவனத்துப் புல்

கங்கை ஆறு கடலில் கலக்கும் சுந்தரவனக் கழிமுகத்தில் இந்த நெல் வளர்கிறது. வங்காளத்தில் இதைத் 'தானி காஸ்', அதாவது நெற்புல் என்கிறார்கள். இதன் விஞ்ஞானப் பெயர் ஒரைசா கோஆர்க்டேட்டா. தினமும் இரண்டு முறை கடல் நீர் ஏறி இதை மூழ்கடிக்கிறது. நீர் வடிந்ததும் மீண்டும் தலை நிமிர்ந்து நிற்கிறது. இலையின் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. மின் கடத்தும் திறன் 20 முதல் 40 டெசி சைமன் வரை இருந்தாலும் இது தாங்கும். மண்ணுக்கடியில் ஓடும் தண்டுகள் மூலம் பரவி, புதிதாக ஒதுங்கும் வண்டலை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் கதிரில் மணிகள் மிகக் குறைவு. அறுவடைக்கு ஏற்ற பயிர் அல்ல.

24, 48 கணக்கு

ஒவ்வொரு செடியின் உயிரணுவிலும் அதன் குணங்களைத் தாங்கிய குரோமோசோம்கள் இருக்கின்றன. நாம் பயிரிடும் நெல் எல்லாவற்றிலும், அது மாப்பிள்ளைச் சம்பாவானாலும் ஐ.ஆர். 20 ஆனாலும், 24 குரோமோசோம்கள் உண்டு. தாயிடமிருந்து 12, தந்தையிடமிருந்து 12. உலகில் இருபதுக்கும் மேற்பட்ட காட்டு நெல் இனங்கள் உள்ளன. அவற்றில் பலவற்றுக்கு 24தான். சிலவற்றுக்கு மட்டும் 48. சுந்தரவனத்துக் கடல் நெல் 48 குரோமோசோம் கொண்டது.

எண்ணிக்கை எப்படி இரட்டித்தது? தூரத்து உறவான இரண்டு காட்டு இனங்களின் மகரந்தம் தற்செயலாகச் சேர்ந்து ஒரு கலப்புச் செடி முளைப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு பக்கத்து 12ம், மறு பக்கத்து 12ம் ஒன்றோடொன்று இணை சேராது. ஆகவே செடி வளரும். விதை பிடிக்காமல் மலடாகும். அபூர்வமாக அச்செடியில் குரோமோசோம்கள் அத்தனையும் இரண்டு மடங்காகிவிடுவதுண்டு. அப்போது ஒவ்வொன்றுக்கும் அதன் இணை கிடைத்துவிடுகிறது. மலட்டுத்தன்மை நீங்கி விதை பிடிக்கும். இவ்வாறு ஒரு புதிய இனமே பிறந்துவிடுகிறது.

இது நெல்லுக்கு மட்டும் உரியது அல்ல. திண்டிவனம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் நிலக்கடலைக்கு 40 குரோமோசோம்கள். தென் அமெரிக்காவில் 20 குரோமோசோம் கொண்ட இரண்டு காட்டுச் செடிகள் கலந்து இரட்டித்ததால் வந்ததே நாம் உண்ணும் கடலை. கருங்கண்ணிப் பருத்திக்கு 26. கம்போடியா பருத்திக்கு 52. நீண்ட இழைப் பருத்தியும் இரட்டிப்பின் வழியில் வந்ததே.

கூடுதல் பிரதியின் பயன்

வீட்டில் ஒரே ஒரு ஏர் மாடு இருந்தால் அதை வழக்கமான வேலையிலிருந்து எடுக்க முடியாது. கூடுதலாக ஒன்று இருந்தால் அதை வண்டியில் பூட்டிப் பழக்கலாம். மரபணுக்களும் அப்படித்தான். ஒவ்வொரு மரபணுவுக்கும் கூடுதல் பிரதி இருக்கும்போது, ஒன்று பழைய வேலையைச் செய்துகொண்டிருக்க, மற்றொன்று தலைமுறை தலைமுறையாக மாறிப் புதிய வேலையை ஏற்கலாம். இரண்டும் வேலையைப் பங்கிட்டுக் கொள்வதும் உண்டு. பயன்படாத பிரதி நாளடைவில் கெட்டு மறைந்துவிடும்.

நாம் பயிரிடும் நெல்லின் மூதாதையிலும் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் இரட்டிப்பு நடந்திருக்கிறது. 2005ல் நெல்லின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. அந்தப் பணியில் இந்திய விஞ்ஞானிகளும் பங்கு பெற்றனர். பழைய இரட்டிப்பின் தடயங்கள் இன்றும் நெல்லில் தெரிகின்றன. கம்பு, சோளம், கரும்பு ஆகியவற்றுக்கும் அது பொதுவான பழங்கதை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். குரோமோசோம் இரட்டித்தாலே உப்பைத் தாங்கும் சக்தி வந்துவிடாது. பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் ஒரு காட்டு நெல்லைக் கோவை விஞ்ஞானிகள் கிருஷ்ணசாமியும் சந்திரசேகரனும் கண்டறிந்து, 1950களின் பிற்பகுதியில் ஒரைசா மலம்புழென்சிஸ் என்று பெயரிட்டனர். அதற்கும் 48 குரோமோசோம்கள்தான். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிச் செடி, கடலோரச் செடி அல்ல. இரட்டிப்பு புதிய குணங்களுக்கு இடம் மட்டுமே தருகிறது. எந்தக் குணம் நிலைக்கும் என்பதை அந்தச் செடி வாழ நேர்ந்த இடமே முடிவு செய்கிறது.

இன்னொரு விந்தையும் உண்டு. கடல் நெல்லைப் பெற்ற இரு 24 குரோமோசோம் இனங்களும் இதுவரை உயிருடன் எங்கும் கண்டறியப்படவில்லை. பெற்றோரின் சொத்து பிள்ளையிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

ஒட்டுச் சேர்ப்பதில் உள்ள சிக்கல்

காட்டு நெல்லின் நற்குணத்தை வயல் நெல்லுக்குக் கொண்டுவர முடியுமா? குரோமோசோம் கணக்கு ஒத்துப்போனால் எளிது. 1970களில் புகையான் பூச்சி பரப்பிய புல்குட்டை நோய் ஆசிய நாடுகளில் நெல்லை அழித்தபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சென்ற ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லில்தான் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது. அதற்கும் 24 குரோமோசோம். ஆகவே ஒட்டு எளிதில் சேர்ந்தது. 1976ல் வெளிவந்த ஐ.ஆர். 36 ரகத்தில் அந்த எதிர்ப்புச் சக்தி இருந்தது.

கடல் நெல்லோ 48. வயல் நெல்லிலிருந்து 12ம் கடல் நெல்லிலிருந்து 24ம் சேர்ந்தால் 36 ஆகும். இணை சேராத கணக்கு. கரு முற்றாமலே அழிந்துவிடும். அதே ஆராய்ச்சி நிலையத்தில் ஐ.ஆர். 56 ரகத்துடன் கடல் நெல்லை ஒட்டுச் சேர்க்க 34,000 முறை முயன்றதில் மூன்று கருக்களையே மீட்க முடிந்தது. அவற்றிலும் ஒன்றுதான் வளர்ந்தது. இதை அந்நிலையம் 2013ல் அறிவித்தது. கடல் நெல்லுக்கு வலிமை தந்த இரட்டிப்பே அதன் குணத்தை நாம் பெறுவதற்குத் தடையாகவும் நிற்கிறது.

கடல் நெல்லின் மரபணுத் தொகுதியைப் பற்றிய முதல் விவரங்களை இந்திய விஞ்ஞானிகள் 2018ல் வெளியிட்டனர். 2021ல் சீன விஞ்ஞானிகள் வேறு வழியில் சென்றனர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரைசா ஆல்டா என்ற 48 குரோமோசோம் காட்டு நெல்லையே எடுத்துக்கொண்டு, மணி உதிர்தல் போன்ற குறைகளுக்குக் காரணமான மரபணுக்களை மாற்றி, நேரடியாகப் பயிராக்க முடியும் என்று காட்டினர். இவை ஆராய்ச்சிப் பாத்தியில் உள்ள முயற்சிகள். ஆகவே "கடல் நீரிலேயே விளையும் நெல்" என்று யாரேனும் விதை விற்க வந்தால் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியவை

உவர் நிலத்தில் பயிரிட இன்று கைகொடுப்பவை 24 குரோமோசோம் கொண்ட ரகங்களே. கேரளத்துப் பொக்காளி, நம் கடலோரத்துக் குழியடிச்சான் போன்ற நாட்டு ரகங்கள் உவரைத் தாங்குபவை. கோ 43, திருச்சி 1, திருச்சி 3 ஆகிய ரகங்கள் உவர், களர் பிரச்சினை உள்ள நிலங்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்டவை. உங்கள் நிலத்துக்கு எது ஏற்றது, எங்கே விதை கிடைக்கும் என்பதை வேளாண் அலுவலரிடமோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறியலாம்.

முதலில் மண்ணையும் பாசன நீரையும் பரிசோதிக்க வேண்டும். ஜிப்சம் இடுவது களர் நிலத்துக்குத்தான் பயன் தரும். வெறும் உவர் நிலத்தில் இட்டால் பணம் வீண். உவர் நிலத்துக்கு வடிகால் வெட்டி, மழை நீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழலாம். இளம் நாற்றைத் தவிர்த்து, 30 நாளுக்கு மேற்பட்ட நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக, நெருக்கி நட வேண்டும்.

கடல் நெல்லின் விதையை உலர்த்திச் சேமித்தால் முளைப்புத் திறன் போய்விடும். ஆகவே விதைக் கிடங்கில் வைத்து அதைக் காப்பது கடினம். அது வளரும் சதுப்பு நிலத்தைக் காத்தால்தான் அதுவும் பிழைக்கும். நம் ஊர் ஏரி, குட்டை ஓரங்களில் நீண்ட வாலுடன் தானாக முளைக்கும் காட்டு நெல்லையும் அப்படியே கருத வேண்டும். வயலுக்குள் வந்தால் அது களைதான். பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். ஏரிக்கரையில் நிற்பதை மருந்தடித்து அடியோடு அழிக்க வேண்டாம். அடுத்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி எந்தக் கரையில் நிற்கிறதோ, யார் அறிவார்!