ஆலைக்கூடம் கணினிக்கூடமாக மாறும் முறை

உற்பத்தி நின்றுபோன ஆலையை இடிக்காமல், அதன் சுவர், தூண், கூரை ஆகியவற்றைக் காத்து, வேறொரு தொழிலுக்கு ஏற்பத் திருத்தியமைப்பதைக் கட்டடக் கலைஞர்கள் தகவமைப்பு மறுபயன்பாடு என்பர். நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் காப்பி, தேயிலை, புகையிலை ஆகியவற்றைப் பதப்படுத்துவதற்காக 1925-க்கும் 1931-க்கும் இடையே கட்டப்பட்ட வான் நெல்லே ஆலை இன்று வடிவமைப்பு நிறுவனங்களின் அலுவலகமாக இயங்குகிறது. 2014-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. கொழும்பு மருதானையில் திரிப்போலிச் சந்தை எனப்பட்ட காலனியக் காலக் கூடங்கள் புதுப்பிக்கப்பட்டு, 2014 முதல் ‘டிரேஸ் எக்ஸ்பர்ட் சிட்டி’ என்னும் தொழில்நுட்ப வளாகமாகச் செயற்படுகின்றன. கோட்ஜென் என்னும் மென்பொருள் நிறுவனம் அங்கு இயங்கிவருகிறது. கோயம்புத்தூர் அவினாசி சாலையில், குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்லின் பழைய வளாகம் இப்போது கடைகளும் பணியிடங்களும் கொண்ட நகர மையமாக மாறியுள்ளது.

நூலுக்காகக் கட்டிய கூடம் கணினிப் பணிக்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதை அறிய, அந்தக் கூடம் அவ்வடிவம் பெற்ற காரணத்தை அறிதல் வேண்டும். தொடக்கக் கால நூற்பாலைகளில் ஒரே நீராவி எந்திரம், கூரையடியில் நீண்டோடும் சுழல்தண்டையும் தோல் வார்ப்பட்டைகளையும் கொண்டு எல்லாப் பொறிகளையும் இயக்கியதால், பொறிகள் நேர்வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அவ்வரிசைக்கு இடையூறாகாதபடி தூண்களும் சம இடைவெளியில் நிறுத்தப்பட்டன. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்ததும் கோவை வட்டாரத்தில் ஆலைகள் பெருகின. பொறிதோறும் தனி மோட்டார் பொருத்தும் முறை பரவியதால் சுழல்தண்டின் தேவை மறைந்தது. ஆயினும் தடுப்புச் சுவரற்ற அகன்ற கூடம் என்னும் அமைப்பு நீடித்தது. இன்று மேசைகளையும் கூட்ட அறைகளையும் விரும்பியபடி மாற்றியமைக்க உதவுவது அந்த அகலமே.

இரண்டாவது கொடை வெளிச்சம். அறுந்த இழையைக் கண்டு முடியிடுவதற்குச் சீரான ஒளி தேவைப்பட்டதால், பல ஆலைகள் ரம்பப்பல் போன்ற கூரையைப் பெற்றன. சரிவான பக்கம் ஓடோ தகடோ வேயப்பட்டு, வடக்கு நோக்கிய செங்குத்துப் பக்கத்தில் கண்ணாடி பதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் வடக்கிலிருந்து நேர்வெயில் பெரும்பாலும் நுழைவதில்லை. கோவையோ ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் உள்ளதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்கிறது. ஜூன் 21 அளவில் அது உச்சியிலிருந்து சுமார் 12 பாகை வடக்கே நிற்கும். எனவே, கணினித் திரையில் கண்கூச்சம் நேராதிருக்க, கண்ணாடிக்கு மேல் சிறு தாழ்வாரமோ ஒளியைப் பரப்பும் திரையோ சேர்ப்பது அவசியமாகிறது.

பொருந்தாதவையும் உண்டு. பருத்தி இழை வறண்டால் அறுந்துவிடும் என்பதால் நூற்பாலைக் காற்றில் செயற்கையாக ஈரப்பதம் சேர்க்கப்பட்டது. அந்த ஈரத்தைப் பல்லாண்டு உட்கொண்ட சுவரின்மீது சிமென்ட் பூச்சு ஏற்றினால், ஆவியாக வழியின்றி நீர் செங்கல்லுக்குள் தங்கி, கரைந்த உப்புகள் படிகமாகிச் செங்கல்லின் மேற்புறத்தைப் பொரியச் செய்யும். ஈரத்தை வெளியேறவிடும் சுண்ணாம்புக் காரையே அங்கு ஏற்றது. வார்ப்பிரும்புத் தூண் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் இழுவிசைக்கு எளிதில் விரிசலடையும். எஃகைப் போல் அதனை எளிதில் பற்றவைத்துச் சீரமைக்கவும் முடியாது. ஆகையால் புதிய இடைத்தளம் அமைக்கும்போது, அதன் எடையைப் பழைய தூண்களில் ஏற்றாமல், தனி அடித்தளம் கொண்ட எஃகுச் சட்டத்தின்மேல் நிறுத்துவது நல்ல முறை.

எடைக் கணக்கு பெரும்பாலும் சாதகமாகவே அமையும். இந்தியத் தர நிர்ணயப்படி அலுவலகத் தளம் சதுர மீட்டருக்கு 2.5 முதல் 4 கிலோநியூட்டன் சுமைக்கும், பொறிகள் நிற்கும் ஆலைத் தளம் 5 முதல் 10 கிலோநியூட்டன் சுமைக்கும் வடிவமைக்கப்படுகின்றன. மின்கலன் அடுக்குகளும் சர்வர்களும் மட்டும் ஓரிடத்தில் மிகுந்த எடையைக் குவிப்பதால், அவற்றைத் தரைத்தளத்தில் வைப்பது வழக்கம். கல்நார்த் தகடு வேய்ந்த கூரையாயின், அதன் இழைத்தூசு நுரையீரல் நோய்களுக்குக் காரணமாவதால், தகட்டை உடைக்காமல் நனைத்து, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும். உயர்ந்த கூரையும் கடினத் தரையும் எதிரொலியைப் பெருக்கும். தென்னைநார் அல்லது பஞ்சு அடைத்த பலகைகளைத் தொங்கவிடுவதால் அது தணியும்.

சமவெளி ஆலைக்குரிய தீர்வு மலைக்கு அப்படியே பொருந்தாது. 1820-களில் சேலம் ஆட்சியர் எம்.டி.காக்பர்ன் காப்பியை அறிமுகம் செய்த சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களைச் சூழ்ந்த தோட்டப்பகுதிக்கு உரிய தொழிற்கட்டடம் பழத்தின் தோலை நீக்கும் பல்பர் கொட்டகை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குளிரூட்டிக்குத் தேவை குறைவு. மூடுபனியும் நீண்ட மழையும் தரும் ஈரமே அங்குப் பகை. பழத்தையும் கழுவுநீரையும் சரிவில் இறக்கும் வகையில் இடம் தேர்ந்து கட்டிய கொட்டகையைப் பணியிடமாக்க முனைபவர், முதலில் மலைச்சரிவின் நீரைச் சுவரை அணுகாமல் திருப்பும் வடிகாலையும், தகரக் கூரையில் மழை எழுப்பும் ஓசையை அடக்கும் உட்கூரையையும் அமைத்தாக வேண்டும்.

செங்கல்லைச் சுடவும் சிமென்டை ஆக்கவும் செலவான எரிபொருள் ஏற்கெனவே செலவாகிவிட்டது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடு சிமென்ட் தொழிலினுடையது என்பதால், நிற்கும் கட்டடத்தைப் பயன்படுத்துவது சுற்றுச்சூழலுக்கும் சிக்கனம். ஆயினும் எல்லா ஆலைகளும் காக்கப்படுவதில்லை: சென்னையில் 1876-இல் தோன்றிய பக்கிங்காம் ஆலையும் அதனை அடுத்து எழுந்த கர்நாட்டிக் ஆலையும் இருந்த பெரம்பூர் வளாகம் 1996-இல் மூடப்பட்டு, இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டது. மரபுக் கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2012-இல் மரபு ஆணையச் சட்டம் நிறைவேறியது. கோயிலையும் கோட்டையையும் மரபாகக் கருதும் சமூகம் ஆலையையும் அவ்வாறே கருத வேண்டும். இடிப்பதா காப்பதா என்று முடிவெடுக்கும் முன், தூண், கூரை, அடித்தளம் ஆகியவற்றை அளந்து வரைபடமாக்கி, ஒரு கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வுக்கு உட்படுத்துவதை ஒவ்வோர் ஆலை உரிமையாளரும் முதற்கடமையாகக் கொள்ள வேண்டும்.