மலையக வீதித் திருத்தமும் பாதசாரிகளும்

மலைநாட்டு வீதி சமவெளி வீதியைப் போன்றதன்று. சமவெளியிலே வீதியின் ஒரு பாதி தோண்டப்பட்டால், நடந்து செல்வோர் வேலியோரமாகவேனும் விலகிச் செல்லுதல் கூடும். அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிலும், பேராதனையிலிருந்து கம்பளை, றம்பொடை வழியாக ஏறும் வீதியிலும் அத்தகைய ஒதுக்கிடம் அரிது. மலைச்சரிவை வெட்டி அமைத்த வீதிகளாதலின், ஒரு பக்கம் மண்மேடும் அதனடியில் வடிகாலும், மறுபக்கம் பள்ளமுமாக அவை செல்கின்றன.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது இம்மலைகளிலே மண் பலவிடங்களிற் சரிந்து வீதிகளை மூடிற்று. சிலவிடங்களில் வீதியே சரிந்தது. இத்தகைய அழிவின்பின் வீதி ஒரு நாளிற் சீராவதில்லை. மண் அகற்றித் தாங்குசுவர் கட்டித் தார் இடுங்காறும், எஞ்சிய பாதி வீதியிலேயே இருதிசை வாகனங்களும் மாறி மாறி விடப்படும். இடர் பிறப்பது இங்கேதான்.

சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஒடுங்கிய பகுதியின் நீளம் 100 மீற்றர் எனக் கொள்க. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் பஸ் வண்டி அதனை 18 வினாடியிற் கடந்துவிடும். மணிக்கு 4 கிலோமீற்றர் நடப்பவருக்கோ 90 வினாடி வேண்டும். கொடி காட்டும் பணியாளர் கடைசி வாகனம் வெளியேறியதைப் பார்த்து மறுமுனைக்கு வழிவிடுகின்றார். வளைவுக்கு அப்பால் நடந்துகொண்டிருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணையோ பாடசாலைச் சிறுவனையோ அவர் காண்பதில்லை. வாகனத்தை எதிர்நோக்கி வலப்புறமாக நடக்கவேண்டும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விதியும், அப்புறம் தோண்டப்பட்டுக் கிடக்குமிடத்திற் பயன்படாது போகின்றது.

ஆதலின் பாதசாரிக்குத் தனி வழி அமைத்தல் வேலையின் ஒரு பகுதியே. அதைச் சலுகையாகக் கருதலாகாது. பிரித்தானியாவின் வீதிவேலைப் பாதுகாப்புக் கோவை, இயன்றவரை ஒன்றரை மீற்றர் அகலமும், எவ்வாற்றானும் ஒரு மீற்றருக்குக் குறையாத அகலமும் அவ்வழிக்கு வேண்டுமென்கின்றது. நம் வீதிகளில் வடிகாலின்மேல் உறுதியான பலகைகளை அடித்தால் அவ்வகலத்திற் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆயினும் மேலே மண் இளகியிருக்கும் இடத்தில் இது தகாது. மழைக்காலத்திற் கல்லும் மண்ணும் முதலில் விழுவது அங்கேயே. பள்ளத்தின் பக்கமாக வழிவிடின் உறுதியான கம்பித் தடுப்பு வேண்டும். வண்ண நாடா கட்டுதல் தடுப்பாகாது: கால் இடறியவரை அது தாங்காது, கண்பார்வையற்றவரின் கோலுக்கும் அது அகப்படாது. தனி வழிக்கு இடமே இல்லையாயின், பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் இருமுனை வாகனங்களையும் நிறுத்தி, பணியாளர் ஒருவர் முன்செல்ல, நடப்போரைக் கூட்டமாகக் கடத்திவிடலாம். வாகனக்காரருக்கு இதனால் ஏற்படும் தாமதம் சில நிமிடங்களே.

துவிச்சக்கரவண்டி யாழ்ப்பாணத்தின் ஊர்தி. மலைநாட்டில் ஏற்றத்தின் காரணமாக அது குறைவு. குறைவாயினும் இறக்கத்தில் வருபவனுக்கு அபாயம் மிகுதி. நனைந்த இரும்புத் தகடு, சிதறிய சல்லி, சக்கரம் செல்லும் திசையிலேயே நீண்டு கிடக்கும் வெட்டு ஆகிய மூன்றும் அவனை வீழ்த்தும். எச்சரிக்கைப் பலகை வளைவைத் தாண்டியபின் நிற்பதிற் பயனில்லை; வளைவுக்கு முன்னரே நிற்றல் வேண்டும்.

மலைநாட்டில் மூடுபனியையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்லும் அடியார் ஹற்றன், மஸ்கெலியா வழியாக இரவிலும் பயணஞ் செய்கின்றனர். பணியாளர் வீடு சென்றபின் குழியருகில் விளக்கில்லாவிடின், பகலில் வைத்த பலகை யாருக்குப் புலப்படும்?

பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளன. தோட்டத்துள்ளே லயன்களுக்குச் செல்லும் வழிகளின் நிலை வேறு. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டப்புறங்களிற் சபை நிதியைச் செலவிடுதற்குத் தடையாயிருந்தது. 2018இல் திருத்தப்பட்ட பின்னரே வழி திறந்தது. அவ்வழிகளிலும் இனித் திருத்த வேலை நடைபெறும்போது, நடப்போருக்கான பலகை, தடுப்பு, விளக்கு ஆகியவற்றின் செலவை மதிப்பீட்டுத் தாளிலே தனி உருப்படியாக எழுதுதல் வேண்டும். அத்தாளில் இல்லாத பொருளை ஒப்பந்தகாரர் தம் கைப்பணத்திலிருந்து வாங்கிவைப்பாரென எதிர்பார்க்க முடியாது.