வரிசையில் நிற்கவா வந்தார்கள்?

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாப் முதல் கோலைப் போட்டுவிட்டது. சென்னை சிட்டி வென்றே ஆகவேண்டும். டிரா ஆனாலும், ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தை வென்றால் ஐ-லீக் கால்பந்துக் கோப்பை அவர்களுக்குப் போய்விடும். பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட, 3-1. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சி கொடுத்த அந்த அணியில் ஸ்பெயின்காரர்களும் நம்மூர்ப் பையன்களும் சின்னச் சின்னப் பாஸ்களிலேயே ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்.

அதைப் பார்த்துக் கால் குறுகுறுத்த பொடியனை கோச்சிங்கில் சேர்த்துவிட்டால் என்ன கிடைக்கும்? பெரும்பாலும் வரிசைதான். இருபது பேர், ஒரு கோல் போஸ்ட், ஆளுக்கு ஒரு ஷாட். ஒருவர் அடிக்க அரை நிமிடம் என்றாலும், அடுத்த முறை பந்தைத் தொடப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் முன்னால் நிற்பவனின் ஜெர்சியை இழுப்பான், மண்ணைக் கிளறுவான், திட்டு வாங்குவான். சும்மா நிற்கவைத்துவிட்டு அவனை வாலு என்கிறோம்.

அதே இருபது பேரை நாலு நாலாகப் பிரித்தால் இரண்டு ஆட்டம் ஓடும். மிச்சமுள்ள நாலு பேரில் ஒருவன் நடுவில் நின்று மற்றவர்களிடமிருந்து பந்தைப் பறிக்கட்டும். பார்சிலோனா பயிற்சியிலும் இதுதான், பெயர் ரோண்டோ. கோல் போஸ்டுக்குச் செருப்பு போதும். மான்செஸ்டர் யுனைடெட் அகாடமி ஒன்பது வயதுக்குட்பட்டவர்களை எட்டுக்கு எட்டு ஆடாமல் நாலுக்கு நாலு ஆடவிட்டுப் பார்த்தபோது, பாஸ்கள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின. கோல்கள் அதைவிடவும் அதிகமாகக் கூடின.

அடுத்தது கூட்டு மனசு. ஒரே பள்ளி, ஒரே வேன் என்று வருகிறவர்கள் தங்களுக்குள்ளேயே பாஸ் செய்துகொள்வார்கள். ஒவ்வொரு நாளும் அணியைப் பிரித்துக் காட்டும் கலர் பிப்பை மாற்றிக் கொடுத்து ஆட்களைக் கலக்க வேண்டும். நாலு பேரும் பந்தைத் தொட்ட பிறகு அடித்தால்தான் கோல் என்று ஒரு விதியும் வைத்துப் பாருங்கள். முதலில் கெட்டிக்காரன் முறைப்பான். கொஞ்ச நேரத்தில், ஓரமாக ஒதுங்கி நிற்கும் கூச்சக்காரனைப் பார்த்து, "டேய், அக்கட்டால வா, தர்றேன்!" என்று அவனே கத்துவான்.

தோற்ற அணி மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும் என்ற தண்டனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டமே ஓட்டம்தானே, அதைத் தண்டனையாக்கினால் எவன் ஆசையாக ஓடுவான்?

கம்பி வேலிக்கு வெளியே நின்று "அடி சாமி, அடி!" என்று கூவும் அப்பாக்களுக்கும் ஏதாவது வேலை கொடுத்துவிடலாம். கோட்டைத் தாண்டி ஓடும் பந்துகளை யாராவது பொறுக்கிப் போட வேண்டுமல்லவா?