நிறுத்த முடியாத யந்திரங்கள்

மயிலிட்டித் துறையிலே எஞ்சின் பழுதுபட்ட படகைக் கரைக்குக் கொண்டுவந்து கட்டிய பிறகுதான் அதைக் கழற்றுவார்கள். நடுக்கடலில், மீன் படும் வேளையில், ஓடுகிற எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவோம் என்று எந்தச் சம்மாட்டியும் சொல்லமாட்டார். மின்சாரமும் குடிநீரும் தரும் ஆலைகளை இன்று நடத்திவரும் கணினிகளின் சங்கடமும் ஏறக்குறைய இதுவேயாம்.

நமது யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே, வடமராட்சி கிழக்கின் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரத்தக்க ஆலை 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. பொதுவாக இத்தகைய ஆலைகளில் எந்தப் பம்பி எப்போது சுழல்வது, எந்த வால்வு எவ்வளவு திறப்பது, அழுத்தம் எல்லை மீறினால் எதை நிறுத்துவது என்பனவற்றையெல்லாம் கணந்தோறும் தீர்மானிப்பவை, பி.எல்.சி. என்று பொறியியலாளர் அழைக்கும் சிறு கணினிகள். இருபது, முப்பது வருஷம் உழைப்பதற்கென்று செய்யப்பட்ட இவற்றுக்கு அந்நியர் பிரவேசம் பற்றிய கவலை ஆதியில் இருந்ததில்லை. 1979இல் தோன்றி இன்றும் பரவலாக வழங்கும் மொட்பஸ் என்னும் தொடர்பு முறை, வந்த கட்டளை யாருடையது என்று விசாரிப்பதே இல்லை.

குறை கண்டவுடன் திருத்தினால் என்ன என்று கேட்கலாம். நம் கைத்தொலைபேசி இரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு காலையில் சாதுவாக விழிக்கிறது. ஆலையிலோ, புதிய மென்பொருளைப் பரீட்சித்து, உற்பத்தியாளரின் சம்மதம் பெற்று, வருடாந்தப் பராமரிப்புக்காக யந்திரங்கள் ஓயும் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும். அதற்கிடையில் குறையை விவரிக்கும் அறிவித்தலைக் காவலனும் வாசிக்கிறான், கள்வனும் வாசிக்கிறான். கள்வனுக்கு அவ்வளவு சிரமம் வைக்காத இடங்களும் உண்டு: 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிகிப்பா நகரக் குடிநீர்ச் சபையின் சாதனமொன்று அந்நியர் கைப்பட்டபோது, அவ்வகைச் சாதனங்களுக்குத் தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் 1111 என்பது உலகறிந்த செய்தியாயிற்று!

தமிழ்நாட்டுக் கூடங்குளத்தில் 2019இல் நடந்தது வேறு விதம். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு முறைகள் இணையத்தோடு தொடர்பற்றவை, ஆகையால் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அக்டோபர் 29ஆந் தேதி மறுப்பு வெளியாயிற்று. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான கணினியொன்றில் தீய மென்பொருள் புகுந்தது உண்மை என்றும், அச்செய்தி செப்டம்பர் 4ஆந் தேதியே தனக்குத் தெரிவிக்கப்பட்டது என்றும், உலையை இயக்கும் வலையமைப்பு தனித்திருந்தமையால் பாதிக்கப்படவில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அந்தத் தனிமையே நிலையத்தைக் காத்தது என்பதை நான் ஏற்கிறேன். ‘சாத்தியமே இல்லை’ என்ற சொல்லைத்தான் ஏற்க இயலவில்லை.

ஏனெனில் ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் நிலையமும் இணையத்திலிருந்து பிரிந்தே இருந்தது. ஸ்டக்ஸ்நெட் என்னும் புழு யூ.எஸ்.பி. வழியாகவும் பரவவல்லதாய், அங்கே சுழலிகளின் வேகத்தைக் கெடுத்து, கண்காணிப்போர் திரையில் எல்லாம் க்ஷேமம் என்றே காட்டிக்கொண்டிருந்தது. அது பயன்படுத்திய துவாரமொன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் 2010 ஓகஸ்ட் 2ஆந் தேதி வெளியிட்டபோது, புழுவின் முதல் வடிவம் உலாவத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது.